அந்தோணிதாஸ் நம்பிய கதை

அந்தோணிதாஸ் தம் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், சாட்சிகளோடு. சாட்சிகள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள் என்பது அவர் குற்றமில்லை.

லிண்டேல் தோட்டத்தில் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ரெம்பாவ் பசாருக்கு எதிரே இருக்கும் நஸ்ருதீன் பாய் சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிடுவார். பால் சேர்க்காமல், சர்க்கரை தூக்கலாக ஒரு தே ஓ. அதைக் குடித்தபடி, நடந்ததை நடந்தபடியே சொல்லுவார். கெமாஸ் ஸ்டேஷனுக்கு வெளியே தண்டவாளத்தின் குறுக்கே படுத்திருந்த மலைப்பாம்பை மூடிய கேட் என்று நினைத்து, சிங்கப்பூர் போகும் ரயில் அது எழுந்திருக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது அவர் கண்ணால் கண்டது. கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் ஒரு புலி அவருடைய லாரியில் ஏறிக்கொண்டதும், வளைவுகள் தாங்காமல் தலைசுற்றி வாந்தியெடுத்துப் பாதியிலேயே இறங்கிப்போனதும் அப்படித்தான். அந்த வெட்கத்தில் அது பிறகு யாருக்கும் முகம் காட்டவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் புலியைக் காண முடிவதில்லையென்றால் அதற்குக் காரணம் வேறெதுவுமில்லை.

பாம்பு எத்தனை அடி என்று கேட்டால் யோசிக்க மாட்டார். முப்பத்தேழே கால் என்பார். கால் அடி சேராத பாம்பை யாரும் மதிப்பதில்லை. இது அவருடைய தொழில் நுணுக்கம். கேட்டவன் வாய் மூடுவதற்குள் கணக்கு வந்து விழ வேண்டும், கணக்கு முழு எண்ணாக இருக்கக் கூடாது, பார்த்தவர் பெயர் கேட்டால் கல்லறையில் இருப்பவர் பெயரைச் சொல்ல வேண்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி திருநாவுக்கரசு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அடுத்தது?" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து வராது.

புலிக் கதையை முழு மனதோடு கேட்டது ஒரே ஒரு ஆள். அந்தோணிதாஸின் மகள் குளோரியாவின் பெண், நான்கு வயது ஆட்ரி. கதை முடிந்ததும் அது கேட்ட கேள்வி, "தாத்தா, புலிக்கு யாரு வாய் தொடச்சி விட்டா?" என்பது. நாற்பது வருடத்தில் அப்படி ஒரு ரசிகரை அந்தோணிதாஸ் கண்டதில்லை.

அந்த ஆட்ரிக்குத்தான் ஜூன் மாத ஆரம்பத்தில் காய்ச்சல் வந்தது.

முதலில் எல்லாக் காய்ச்சலையும் போலத்தான் இருந்தது. மறுநாள் வாந்தி எடுத்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. சட்டை மாற்றக் குளோரியா தூக்கியபோது கழுத்து மடங்கவில்லை, பலகைபோல நின்றது. மருமகன் நெல்சன் குலை ஏற்றிய லாரியை மில்லுக்குப் போகிற வழியிலேயே ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார். குழந்தையைக் காடியின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு சிரம்பானில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கண் திறப்பதையே நிறுத்திவிட்டது.

முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் அதே நீர்தான் முதுகுத் தண்டிலும் இறங்கி ஓடுகிறதாம். தோட்டத்தில் இந்த ஊசிக்கு நல்ல பெயர் கிடையாது. போட்டால் கால் விளங்காது என்று போன் போட்டுச் சொன்னவர்கள் உண்டு. குளோரியா எவர் பேச்சையும் கேட்காமல் சம்மதம் சொன்னாள். பச்சைத் தண்ணீர்போலத் தெளிவாக வந்திருக்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வந்தது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் கிருமி. நரம்பு வழியாக மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அந்தோணிதாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தோட்டத்து அந்தோணியார் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றார். லிண்டேலில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் திருவிழாவுக்குக் குலை லாரி ஒன்றைக் கழுவி, தென்னங்குருத்தும் மின்விளக்கும் கட்டிச் சப்பரமாக்கி, அதில் புனிதரை ஏற்றித் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் லயமாகக் கொண்டுபோவார்கள். சீக்குப்பட்டுப் பிழைத்த பிள்ளைகளுக்கு வானதூதர்போல இறக்கை கட்டிச் சம்மனசாக அந்தச் சப்பரத்தில் உட்கார வைப்பார்கள். நேர்ந்துகொள்கிறவர் எந்தத் திருவிழா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன திருவிழாவில் செய்தே ஆக வேண்டும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இழுத்த வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோரின் குடும்பத்தைப் பற்றித் தோட்டத்தில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

அந்தோணிதாஸ் இந்தத் திருவிழாவென்றே சொன்னார். காய்ச்சல் இறங்கினால் ஆட்ரி வருகிற ஞாயிற்றுக்கிழமை சப்பரத்தில் இருப்பாள். புனிதருக்குச் சொன்னது போதாதென்று நஸ்ருதீன் பாய் கடைக்கும் போய், பின்னால் மங்கு, தட்டு கழுவுகிறவர்வரை கேட்கும்படி சொன்னார்.

திருநாவுக்கரசு தேநீரை ஆற்றிக்கொண்டே, "இது ஒண்ணையாவது கண்ணால பாப்போம் லா," என்றார்.

புனிதர் தாமதம் செய்யவில்லை. வாரத்தின் நடுவிலேயே காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆட்ரி கண்ணைத் திறந்து, முதலில் தண்ணீர் கேட்டாள், அடுத்து அம்மாவைக் கேட்டாள், மூன்றாவதாகப் பொரித்த கோழி கேட்டாள். வெள்ளிக்கிழமை கட்டிலின் மேல் நின்று குதித்தாள். கையில் மருந்து ஏறும் குழாய் மட்டும் இல்லையென்றால் அவளுக்கு ஏதோ வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில் பையன் அவளைப் பார்த்துப் பயந்து தன் பிஸ்கட்டை ஒளித்துவைத்தான்.

ஆக, கொடுக்க வேண்டியதை மேலிருந்தவர் கொடுத்துவிட்டார். பாக்கி அந்தோணிதாஸ் பக்கம். குறுக்கே நின்றது ஆஸ்பத்திரி ஒன்றுதான். திருவிழா கழிந்து அடுத்த வாரம்வரை பிள்ளை இங்கேதான் இருக்க வேண்டுமாம், மருந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

அந்தோணிதாஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நெல்சனைப் பிடித்தார். சம்மனசு இல்லாத சப்பரத்தை நெல்சனே ஓட்டிக்கொண்டு லயம் லயமாகப் போக வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டினார். நெல்சன்தான் இந்த வருடம் சப்பர லாரிக்கு டிரைவர். பிறகு குளோரியாவிடம், தேறிய பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டில் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே வைத்துக்கொள்கிறார்கள் என்றார். அப்படி வைத்துக்கொள்ளப்பட்ட ஒரு பையன் அங்கேயே வளர்ந்து மீசை முளைத்து, கடைசியில் அங்கேயே லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த கதையும் சொன்னார். மாதாமேல் சத்தியமாக நடந்தது. குளோரியா அரை மனதோடு துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் நெல்சன் காடி கொண்டுவருவது, சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுவது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் டாக்டரிடம் பேசி மாத்திரையாக வாங்கிக்கொள்வது தம் பொறுப்பு என்றார் அந்தோணிதாஸ்.

அந்தப் பேச்சில் அவருக்கு ஒரு துளியும் பயமில்லை. வார்டு டாக்டர் வேறு யாருமில்லை, நஸ்ருதீன் பாயின் மகள் ஹசீனா பேகம். கடையின் பின்மேசையில் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டே மலைப்பாம்புக் கதையைக் கேட்டு வளர்ந்த பெண். பாம்பை முதல்முதலாக முப்பது அடி என்று சொன்ன காலத்தில் அவள் இரண்டாம் வகுப்பு. அது முப்பத்தேழே காலாக வளர்ந்தபோது அவள் மெடிக்கல் படிக்கப் போய்விட்டாள். இரண்டு பேரையும் வளர்த்ததில் தமக்குப் பங்குண்டு என்று அவர் நினைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, நடைபாதையில் அவளைப் பிடித்தார்.

"பேகம், புள்ள ஆட்டம் போடுது. நாளைக்குத் திருவிழா. மருந்த நிப்பாட்டச் சொல்லல லா. மாத்திரையா குடு, நான் வேளா வேளைக்குக் குடுத்துர்றேன்."

"மாத்திரை அங்க போய்ச் சேராது அங்கிள்."

"எங்க?"

ஹசீனா சுவரோரத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் ரத்தத்திலிருந்து மருந்து சுலபமாகக் கசிந்துவிடும் என்றாள். மூளைக்கும் அதைச் சுற்றிய நீருக்கும் மட்டும் அப்படியில்லை. அங்கே ரத்தக் குழாயின் சுவர் சந்து விடாமல் நெருக்கமாகக் கட்டியது. கண்டதும் உள்ளே போய்விடக் கூடாது என்று உடம்பே வைத்திருக்கிற காவல் அது. மருந்துக்கும் அங்கே அனுமதியில்லை. கிருமி புகுந்து சவ்வு வீங்கும்போது அந்தச் சுவர் தளர்ந்துவிடுகிறது. கிருமி செய்த அந்தச் சேதத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே போகிறது. பிள்ளை தேறத் தேற வீக்கம் வற்றுகிறது, சுவர் பழையபடி இறுகுகிறது, மருந்து போவது குறைகிறது. ஆனால் மிச்சக் கிருமி அந்த நீரில் ஒளிந்திருக்கலாம். உடம்பு தானாகக் கிருமியை எதிர்க்கும் பலமும் அங்கே குறைவு. ஆகவே முதல் நாள் கொடுத்த அதே பெரிய அளவைக் கடைசி நாள்வரை நேராக ரத்தத்திலேயே ஏற்ற வேண்டும்.

"அதாவது," என்றார் அந்தோணிதாஸ், "சீக்கா கெடந்தப்ப மருந்து நல்லாப் போச்சு. இப்ப நல்லாயிட்டதால போவ மாட்டேங்குது."

"அதேதான் அங்கிள்."

அந்தோணிதாஸ் அசந்துபோயிருந்தார். அரண்மனைக்குக் காவல் இருக்கிறது, திருடன் சுவரை இடிக்கிறான், அந்த ஓட்டையிலேயே போலீஸ் நுழைகிறது, வீட்டுக்காரன் நல்லெண்ணத்தோடு ஓட்டையை அடைக்க, போலீஸ் வெளியே மாட்டிக்கொள்கிறது. முடிவோ தலைகீழ்: எவ்வளவு சுகமோ அவ்வளவு கஷ்டம். இப்படி ஒரு கதையைக் கட்ட அவருக்கே ஒரு மாதம் பிடித்திருக்கும். பின்மேசையில் உட்கார்ந்து பாடம் எழுதிய பெண் வெறும் பாடம் எழுதவில்லை, தொழிலையும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கையைத் தட்டிப் பாராட்டலாமா என்றும் இருந்தது.

"கத நல்லாருக்கு," என்றார்.

"கதையில்ல அங்கிள்."

நானும் இதையேதான் சொல்லுவேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவரை ஏமாற்ற முடியாது. புளுகைக் கண்டுபிடிப்பதற்கு நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அவரைவிட்டால் ஆளில்லை. எங்கே தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் என்பது அவருக்குத் தெரியும். தட்டினார்.

"சரி லா. ரத்தத்துல நூறு பங்கு மருந்து இருக்குதுன்னு வையி. ஆட்ரி மூளத் தண்ணிக்கு அதுல எத்தன பங்கு போவும்?"

இந்த இடத்தில் அவராக இருந்தால் பதினொன்றே முக்கால் என்று சொல்லி முடித்திருப்பார். ஹசீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"தெரியாது அங்கிள்."

அந்தோணிதாஸ் நிமிர்ந்தார். "டாக்டருக்கே தெரியாதா?"

"ஆட்ரிக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. தெரியணும்னா தெனமும் முதுகுல குத்தி எடுத்துப் பாக்கணும். தேறிட்டு வர்ற புள்ளைய அதுக்காக யாரு குத்துவா? வேற புள்ளைங்ககிட்ட எடுத்த கணக்கும் கொஞ்சந்தான் இருக்கு. வீங்கியிருக்கறப்ப நூத்துல பத்துக்குக் கிட்டப் போவலாம். சில புள்ளைக்கு மேல, சில புள்ளைக்குக் கீழ. வீக்கம் வத்திட்டா ஒரு பங்கு போனாலே பெருசு. ஒரு புள்ள மாதிரி இன்னொரு புள்ள இல்ல. அதனாலதான் நெறயக் குடுக்கறோம். எவ்ளோ கொறச்சலாப் போனாலும் அது கிருமியக் கொல்லணும்ல."

அந்தோணிதாஸ் விடக் கூடாது என்று அடுத்த இடத்தில் தட்டினார். இதையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்டார். கீழே மருந்து கொடுக்கும் பகுதியில் இருக்கும் ஆகிலைக் கேளுங்கள், பெரிய டாக்டர் திங்கட்கிழமை வருவார் அவரைக் கேளுங்கள், இந்தாருங்கள் போன் நம்பர் என்றாள் அவள். எல்லாரும் உயிரோடிருக்கிற ஆட்கள். ஆகிலே அந்த நேரம் லிஃப்டிலிருந்து இறங்கி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே எதிரில் வந்து வணக்கம் வேறு சொன்னார்.

நடுவில் ஒரு 'தெரியாது', சுற்றிலும் உயிருள்ள சாட்சிகள். நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு புளுகை அவர் கேட்டதே இல்லை. கணக்குக் கேட்கிறவனிடம் கணக்கில்லை என்று ஒப்புக்கொள்ளுகிற புளுகன் இன்னும் பிறக்கவில்லை. கணக்கைத்தானே முதலில் செய்துவைத்துக்கொள்வோம். அப்படியானால் இது நிஜம். நிஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. கால் அடி கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. அது அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தது.

"கூட்டிட்டுப் போயிட்டா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் ஆவாமயும் போவலாம். மிச்சம் இருந்துச்சுன்னா திரும்ப வரும். வந்தா மொதல்ல காது கேக்காமப் போயிரும்னுதான் அங்கிள் பயம். அதுக்கு மேலயும் நடக்கும். இப்பவே காது எப்பிடி இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். போகாதீர்கள் என்று கெஞ்சவும் இல்லை.

அவர் வார்டுக்குத் திரும்பியபோது நெல்சன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். ஒரு கையில் காடிச் சாவி, மறுகையில் கோயில் பாடகர் குழுப் பெண்கள் கம்பியும் வலைத்துணியும் வைத்துச் செய்து கொடுத்த வெள்ளை இறக்கை ஒரு ஜோடி. ஆட்ரி அதில் ஒன்றை ஏற்கெனவே பிடுங்கித் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, டாக்டர்ட்ட பேசிட்டீங்களா? காடி நிறுத்தக் கூடாத எடத்துல போட்ருக்கேன், சீக்கிரம் லா."

"போவல," என்றார் அந்தோணிதாஸ்.

"என்னா போவல?"

அவர் சொன்னார். சுவரையும் வீக்கத்தையும் ஓட்டையையும், தேறத் தேற மருந்து உள்ளே போகாததையும், கேட்டது கேட்டபடி, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஒன்றும் சேர்க்காமல் சொன்னார். நெல்சன் கேட்டார். நஸ்ருதீன் பாய் கடையில் எல்லாரும் எந்த முகத்தோடு கேட்பார்களோ அதே முகத்தோடு கேட்டார்.

"மாமா, புலி கதையே தேவல."

"நெசம் லா."

"புலி கதைக்கும் இதத்தான சொன்னீங்க."

குளோரியா துணிப்பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஆஸ்பத்திரியிலேயே மீசை முளைத்த பையன் நிஜமென்று நேற்று மாதாமேல் சத்தியம் செய்தது யார் என்று அப்பாவைக் கேட்டாள். இன்று சொல்வது நிஜமென்றால் நேற்றுச் சொன்னது என்ன? அவள் கோபமாகக் கேட்கவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கேட்டாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அவர் வழக்கம்போல ஒரு கணக்குக்காக வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. செத்துப்போன சாட்சி ஒருவரைத் தேடினார். இந்த விஷயத்துக்கு உதவுகிற மாதிரி யாரும் சாகவில்லை.

கட்டிலிலிருந்து ஆட்ரி கேட்டாள்: "தாத்தா, சம்மனசு மேல பறக்கறப்ப அதுக்குக் காது அடைக்குமா?"

அந்தோணிதாஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நெல்சா, என்னைய நம்பாத," என்றார். "நம்பற மாதிரி நான் என்னிக்குப் பேசியிருக்கேன். டாக்டர் அங்கதான் நிக்குது, போயி நீயே கேளு. ஆனா ஒண்ணு. பாய் கடையில அத்தன பேரு என் கதைய கேக்கறானுங்க, ஒருத்தனும் நம்பறதில்ல. இந்தப் புள்ள ஒண்ணுதான் நம்புது. இது காதுக்கு ஏதாச்சும் ஆயிருச்சின்னா, அப்புறம் நான் யாருக்கு லா சொல்லுவேன்?"

நெல்சன் மாமனார் முகத்தைப் பார்த்தார். அதில் எப்போதும் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிரிப்பைத் தேடினார் போலும். பிறகு நடைபாதைக்குப் போனார். அவரும் ஹசீனாவும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகக் குளோரியா பார்த்தாள். பேச்சு முடிவதற்குக் காத்திருக்காமல் துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நெல்சன் திரும்பி வந்து, மருந்துப் பை தொங்கும் கம்பத்தின் உச்சியில் மற்ற இறக்கையை மாட்டினார்.

"காடிய எடுக்கறேன், சம்மன் போட்ருவான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தோணிதாஸ் திருவிழாவுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வாய்விட்டுச் சொன்னவர் வாய்விட்டே சொல்ல வேண்டும். சப்பர லாரி விளக்கெல்லாம் எரிய நின்றுகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் நெல்சன். புனிதர் காலடியில் இரண்டு சம்மனசுகள், நடுவில் ஓர் இடம் காலி. முதலில் ஃபாதர் ராய்ஸ்டனிடம் சொன்னார். நேர்ச்சை கெட்டுப்போகாது, பிள்ளை வெளியே வருகிற அன்றைக்குக் கூட்டி வாருங்கள், புனிதர் எங்கேயும் போய்விட மாட்டார் என்றார் ஃபாதர். அடுத்து, அந்தோணிதாஸ் கோயில் வாசல்படியில் ஏறி நின்று கூட்டத்துக்குச் சொன்னார். பிள்ளை பிழைத்துவிட்டது, ஆனாலும் கூட்டிவர முடியாது, தேறிவிட்டதால்தான் முடியாது, தேறிய பிள்ளையின் மூளைக்கு மருந்து சுலபமாகப் போகாது.

முதலில் ஓர் ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. பிறகு அது பரவியது. அன்று ஞாயிறு என்பதால் ரெம்பாவிலிருந்து திருநாவுக்கரசும் வந்திருந்தார்.

"தாசு," என்றார் அவர், "புலி வாந்தி எடுத்தத நான் நம்பறேன் லா. இத மட்டும் முடியல."

எவ்வளவு மருந்துதான் உள்ளே போகும் என்று இன்னொருவர் கூட்டத்திலிருந்து கேட்டார். எல்லாரும் கால் அடிக்காகக் காத்திருந்தார்கள்.

"தெரியாது," என்றார் அந்தோணிதாஸ்.

சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், வயதாகிவிட்டது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவருடைய புளுகுகளிலேயே பெரியது இதுதான் என்று லிண்டேலில் இன்றைக்கும் சொல்கிறார்கள். முடிக்கத் தெரியாமல் விட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் மறுக்கவில்லை. சப்பரம் காலி இடத்தோடு கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குத் திரும்பினார். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனதாகக் கேள்வி.

அடுத்த வாரம் கடைசி மருந்துப் பையும் இறங்கியது. கையிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். ஆட்ரி குழாய் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் எதை ஆட்டிக் காட்டி நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிடுவது என்று கவலைப்பட்டாள். பாக்கி இருந்தது காது டெஸ்ட்.

அது சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளியே லாரி மோதினாலும் கேட்காது. சின்ன மேசைக்கு முன்னால் ஆட்ரியை உட்கார வைத்து, அவள் தலைக்குப் பெரிதான ஹெட்போனை மாட்டினார்கள். முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் கலர் கலராக மரக்கட்டைகள். காதுக்குள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும். சத்தம் வரவரச் சின்னதாகிக்கொண்டே போகும். ஃபஸீஹா என்ற சோதனைக்காரப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கருவியைத் திருப்பினாள். நெல்சனும் குளோரியாவும் அவள் பின்னால் நின்றார்கள். அறைக்குள் கூட ஒருவர் இருக்கலாம் என்றபோது ஆட்ரி தாத்தாவைக் காட்டினாள். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, கட்டையைக் கண்ணால்கூடக் காட்டக் கூடாது என்று அவருக்குச் சொல்லி மூலையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு கட்டை விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்தோணிதாஸுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஹெட்போனுக்குள் என்ன நடக்கிறது, சத்தம் வந்துவிட்டதா, வந்து இவள் விட்டுவிட்டாளா, இன்னும் வரவே இல்லையா, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. ஆட்ரியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கட்டை விழுந்தது. சிவப்புக் கட்டை விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபஸீஹா கருவியை இன்னும் திருப்பினாள்.

மஞ்சள் கட்டை கையிலேயே நின்றது.

ஆட்ரி நெற்றியைச் சுருக்கினாள். கண்ணை மூடிப் பார்த்தாள். கட்டை விழவில்லை. குளோரியா நெல்சனின் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்தோணிதாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூக்கால் பெரிதாக மூச்சு வாங்கினார்.

ஆட்ரி ஹெட்போனைக் கழற்றாமலேயே மூலைப் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, மூச்சு விடாதீங்க லா. அந்தச் சத்தந்தான் பெருசாக் கேக்குது."

அந்தோணிதாஸ் மூச்சை நிறுத்திக்கொண்டார். மஞ்சள் கட்டை வாளியில் விழுந்தது.